பியானோ முன் முதல் பத்து நிமிடம்

மார்கழி மாதத்தில் காலை ஆறு மணிக்கு, போர்த்தியிருக்கும் துணியை விலக்கிவிட்டுப் பியானோவின் வெள்ளைக் கட்டைமேல் விரலை வைத்தால் சில்லென்று இருக்கும். ஓசூர்க்காரர்கள் கிருஷ்ணகிரியின் குளிரைக் குளிர் என்றே கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனாலும் விரல் விறைப்பதற்கு இது போதும். கற்றுக்கொள்ளத் தொடங்கிய புதிதில், வாசிப்பதற்கு முன் செய்யும் விரல் பயிற்சிகள் எல்லாம் இந்த விறைப்பைப் போக்குவதற்கும் விரலுக்குப் பலம் ஏற்றுவதற்கும்தான் என்று நம்பியிருந்தேன். விறைப்பைப் போக்க வெதுவெதுப்பான நீரில் இரண்டு நிமிடம் கையை வைத்திருந்தாலே போதும் என்பதும், பலம் ஏற்றுவது என்ற எண்ணமே பிழை என்பதும் பின்னால்தான் தெரிந்தன. அதுவும் கை வலித்த பிறகு.

நான் பியானோ கற்கத் தொடங்கியது நாற்பத்தொன்றாவது வயதில். பழையபேட்டையில் குடியிருக்கிறேன், மாங்கூழ் ஆலை ஒன்றின் அலுவலகத்தில் கணக்கு வேலை. பகல் முழுவதும் கணினியில் எண்களைத் தட்டிய கையாலேயே இரவில் வாசிக்கவும் வேண்டும். ஆறு மாதம் கழிந்த பிறகும் மோதிர விரலும் சுண்டு விரலும் சொன்னபடி கேட்காததால், விரலில் பலம் இல்லை என்று நானே முடிவு கட்டிக்கொண்டு ஹானன் பயிற்சிகளில் இறங்கினேன். பியானோ பழகும் எவரும் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் அந்தப் பெயரைக் கேட்டே தீருவார்கள். சார்ல் லூயி ஹானன் என்ற பிரெஞ்சு ஆசிரியர் 1873ஆம் ஆண்டு வெளியிட்ட அந்த 60 பயிற்சிகளில், விரல்களை நன்றாக உயர்த்தி ஒவ்வொரு ஸ்வரமும் தனித்துக் கேட்கும்படி வாசிக்க வேண்டும் என்றும், சீரான தட்டொலி கொடுக்கும் மெட்ரோனோம் கருவியை நிமிடத்துக்கு 60 தட்டில் தொடங்கிப் படிப்படியாக 108 வரை ஏற்ற வேண்டும் என்றும் குறிப்பு இருக்கிறது. 'படிப்படியாக' என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் அப்படியே செய்தேன். மூன்றாவது வாரத்தில் வலது முன்கையின் மேற்புறத்தில், முழங்கைக்குச் சற்றுக் கீழே, நூல் பிடித்து இழுப்பதுபோல் ஒரு வலி தொடங்கியது. காபித் தம்ளரைத் தூக்கும்போதுகூட அது தெரிந்தது. இரண்டு மாதம் பியானோவின்மேல் போர்த்திய துணியை எடுக்கவே இல்லை.

விரல்களை அசைக்கும் தசைகள் விரல்களுக்குள் இல்லை என்பதை அந்த இரண்டு மாதத்தில்தான் தெரிந்துகொண்டேன். மடக்கும் தசையும் நீட்டும் தசையும் பெரும்பாலும் முன்கையில் இருக்கின்றன. உள்ளங்கையில் சில சிறிய தசைகள் உண்டு. விரலுக்குள் ஓடுபவை தசைநாண்கள் மட்டுமே. விரலை ஒவ்வொரு முறையும் உயரத் தூக்கி அடிக்கும்போது உழைப்பது முன்கையின் மேற்புறம் என்பதால், வலியும் சரியாக அங்கேயே வந்து உட்கார்ந்திருக்கிறது. மோதிர விரலின் பிடிவாதத்துக்கும் காரணம் உடலமைப்பில்தான் இருக்கிறது. நடுவிரலை உள்ளே மடக்கிக்கொண்டு மற்ற விரல்களின் நுனியை மேசைமேல் ஊன்றி, மோதிர விரலை மட்டும் தூக்கிப் பாருங்கள். கட்டை விரல் எழும், ஆள்காட்டி விரல் எழும், சுண்டு விரல்கூட எழும். மோதிர விரல் ஒட்டவைத்ததுபோல் கிடக்கும். அதன் தசைநாண் புறங்கையில் அண்டை விரல்களின் நாண்களோடு குறுக்கே பிணைந்திருக்கிறது. எத்தனை பயிற்சி செய்தாலும் அந்தப் பிணைப்பு அவிழப் போவதில்லை. ஜெர்மானிய இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமான் இளம் வயதில் வலது கையைக் கெடுத்துக்கொண்டு, பியானோக் கலைஞராகும் ஆசையையே 1830களின் தொடக்கத்தில் கைவிட்டார்; விரலுக்கு வலுவேற்ற அவர் பயன்படுத்திய கருவி ஒன்றும் அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. அந்த மேதைக்கே அந்தக் கதி என்றால், மாங்கூழ் ஆலைக் கணக்கர் எம்மாத்திரம்?

உண்மையில் பியானோவின் ஒரு கட்டையை மெதுவாகக் கீழே இறக்க ஏறத்தாழ 50 கிராம் எடை போதும். ஓர் எலுமிச்சம்பழத்தின் எடை அவ்வளவுதான். கட்டை இறங்கும் ஆழமும் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர்தான். அதற்குள் சுத்தியல் பாய்ந்து கம்பியை அடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறது. அதன்பிறகு கட்டையை எவ்வளவு அழுத்தினாலும் ஒலியில் எந்த மாற்றமும் வராது. புதிதாகக் கற்பவர்களின் முயற்சியில் பெரும்பகுதி இந்தப் பயனில்லாத அழுத்தலிலேயே கரைந்துபோகிறது. ஆகவே வாசிப்பதற்கு முன் செய்யும் பயிற்சியில் நாம் தேட வேண்டியது பலத்தை அன்று. எங்கே தேவையில்லாமல் அழுத்துகிறோம், எங்கே இறுகுகிறோம் என்பதைக் கண்டுபிடித்து விடுவிப்பதையும், காதைத் திறந்துகொள்வதையுமே.

சென்ற ஆண்டு முதல் அக்கா மகள் ஞாயிறுதோறும் என்னிடம் கற்க வருகிறாள். வயது ஒன்பது. நான் செய்த தவற்றை அவளும் செய்யாமலிருக்க, முதல் பத்து நிமிடத்தை எப்படிச் செலவழிப்பது என்று ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவந்திருக்கிறேன். பெரியவர்களுக்கும் அதில் பெரிய மாற்றம் தேவைப்படாது.

முதலில் உட்காரும் விதம். முழங்கை கட்டைகளின் மட்டத்திலோ அதைவிடச் சற்று மேலேயோ இருக்க வேண்டும். முன்கை தரைக்கு இணையாக நிற்க வேண்டும். வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலி பெரும்பாலும் தாழ்ந்துபோகிறது. அதன்மேல் ஒரு தலையணையை வைத்தால் சரியான உயரம் கிடைத்தாலும், குழந்தையின் கால் அந்தரத்தில் தொங்குகிறது. கால் தொங்கினால் இடுப்பு இறுகும், இடுப்பு இறுகினால் தோள் ஏறும், தோள் ஏறினால் விரல் எப்படித் தளரும்? எங்கள் வீட்டில் பந்திக்குப் போடும் மணைகள் இரண்டை அடுக்கி அவள் காலுக்குக் கீழே வைத்தோம். அதுவரை காதருகே ஏறி நின்ற தோள் தானாகவே இறங்கியது.

கையின் வடிவத்தைச் சொல்லித்தரும்போது ஆசிரியர்கள் ஆரஞ்சுப் பழத்தைப் பிடித்ததுபோல் என்பார்கள். எங்கள் பக்கம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. சூடான ராகிக் களி உருண்டையைத் தட்டில் வைக்கும்போது கை எப்படிக் குவிந்திருக்கும்? இறுக்கிப் பிடித்தால் உருண்டை பிதுங்கிவிடும், விரித்தால் விழுந்துவிடும். அந்தக் குவியலோடு கையைக் கவிழ்த்துக் கட்டைகளின்மேல் வைத்தால் போதும். அக்கா மகளிடம் இதை ஒருமுறை சொன்னதோடு சரி. மறுவாரம் முதல் கை தட்டையாகும்போதெல்லாம், "களி விழுந்திடுச்சு மாமா" என்று அவளே சொல்லிக்கொண்டு திருத்திக்கொள்கிறாள்.

அடுத்தது கையை விழவிடுவது. இதை நான் எல்லாவற்றிலும் முக்கியமாகக் கருதுகிறேன். ஆனால் பார்ப்பதற்குப் பயிற்சிபோலவே தெரியாததால் பலரும் இதைத் தாண்டிப்போய்விடுகிறார்கள். வலது கையை மடியிலிருந்து மெல்ல உயர்த்தி, நடுவிரல் ஒரு வெள்ளைக் கட்டையின்மேல் வரும்படி கையின் எடை முழுவதையும் தளரவிட வேண்டும். ஒலி எழுந்தவுடன் மணிக்கட்டு லேசாகக் கீழே தாழ்ந்து, பிறகு மிதப்பதுபோல் மேலே வர வேண்டும். கட்டை அடியில் நிற்கும்போது மற்றொரு கையால் முழங்கையைத் தொட்டு ஆட்டிப்பார்த்தால் அது தாராளமாக ஆட வேண்டும். மரக்கிளைபோல் விறைத்து நின்றால் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்று பொருள். என் அம்மா களி கிண்டும்போது துடுப்பை மணிக்கட்டால் திருகி நான் பார்த்ததில்லை. தோளிலிருந்து எடை இறங்கும், மணிக்கட்டு வெறுமனே அதை வழியனுப்பும். அரைப்படி மாவைக் கிண்டிவிட்டும் அம்மாவுக்குக் கை வலிக்காததன் ரகசியத்தை, ஓசூரில் என் ஆசிரியர் பியானோவை வைத்து விளக்கிய பிறகுதான் நான் புரிந்துகொண்டேன். ஒவ்வொரு விரலுக்கும் நான்கைந்து முறை, இரு கைகளுக்கும் சேர்த்து இரண்டு நிமிடம் இதற்குப் போதும்.

அதன்பிறகு ஐந்து ஸ்வரப் பயிற்சி. கட்டை விரல் 1, ஆள்காட்டி 2, நடுவிரல் 3, மோதிர விரல் 4, சுண்டு விரல் 5 என்பது இரு கைகளுக்கும் பொதுவான எண். வலது கையின் ஐந்து விரல்களையும் சி, டி, இ, எஃப், ஜி என்ற அடுத்தடுத்த வெள்ளைக் கட்டைகளில் வைத்து, நிமிடத்துக்கு 60 தட்டு வேகத்தில் ஏறி இறங்க வேண்டும். கேட்க வேண்டியவை இரண்டு. ஒரு ஸ்வரம் அடங்குவதும் அடுத்தது எழுவதும் இடைவெளியோ ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதோ இல்லாமல் பொருந்துகின்றனவா? ஐந்தும் ஒரே அளவில் ஒலிக்கின்றனவா? இரண்டாவதில்தான் எல்லோரும் அகப்பட்டுக்கொள்கிறார்கள். கட்டை விரல் தடால் என்று விழும், மோதிர விரல் முணுமுணுக்கும். அக்கா மகளும் நானும் இதை ஒரு விளையாட்டாக வைத்திருக்கிறோம். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பேன். அவள் ஏறி இறங்குவாள். எந்த விரல் தப்பியது என்று நான் எண்ணைச் சொல்ல வேண்டும். பிறகு அவள் திரும்பி நிற்க, நான் வாசிப்பேன். என் மோதிர விரலை அவள் பிடித்துவிடும்போது அவளுக்கு உண்டாகும் மகிழ்ச்சிக்கு அளவே இல்லை. பலப்படுத்தப் பார்த்துத் தோற்ற அந்த விரலை, கூர்ந்து கேட்டே ஓரளவு சீர்படுத்த முடிந்தது. அது தூங்கும் தருணத்தில் கையின் எடையைச் சற்று அதன் பக்கம் சாய்த்தால் போதுமானதாக இருக்கிறது.

இரு கைகளையும் சேர்க்கும்போது பெரும்பாலோர் இரண்டையும் ஒரே திசையில் ஓட்டிப் பார்த்துத் திணறுகிறார்கள். ஒரே திசையில் போனால் வலது கையில் 1 விழும் நேரத்தில் இடது கையில் 5 விழும். மூளைக்கு இரண்டு கணக்கு. எதிரெதிர்த் திசையில் போனால் இரு கைகளிலும் ஒரே விரல் ஒரே நேரத்தில் விழும். அதிலும் டி கட்டையிலிருந்து தொடங்குவது இன்னும் வசதி. டி கட்டைக்கு இருபுறமும் கறுப்பு வெள்ளை அமைப்பு கண்ணாடியில் பார்த்ததுபோல் ஒன்றாகவே இருக்கும். இடது கட்டை விரலை ஒரு டி கட்டையிலும், வலது கட்டை விரலை அதற்கு ஓர் எட்டு ஸ்வரம் (ஆக்டேவ்) மேலே இருக்கும் அடுத்த டி கட்டையிலும் வைத்து வெளிப்புறமாக விரிந்து, மீண்டும் உள்ளே வர வேண்டும். ஒலி சற்று விநோதமாக இருக்கும், பொருட்படுத்த வேண்டாம்.

இதையெல்லாம் சொல்லித்தந்த முதல் வாரத்தில், வாய்ப்பாட்டு கற்றிருக்கும் என் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "இது சரளி வரிசைதானேடா, இதுக்கு எதுக்கு வெள்ளைக்காரன்?" என்றாள். அந்தக் கேள்வியிலிருந்துதான் எங்கள் வீட்டுப் பயிற்சியின் நடுப்பகுதி உருவானது. புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் சரளி, ஜண்டை, தாட்டு வரிசைகள் கர்நாடக இசையின் முன்பயிற்சிகள்தாம். அவற்றைத் தொடங்கும் மாயாமாளவகௌளை ராகமும் கட்டைகளில் அழகாக உட்காருகிறது. ஆர்மோனியக்காரர்களின் கணக்கில் சி ஒரு கட்டை, டி இரண்டு, இ மூன்று, எஃப் நான்கு, ஜி ஐந்து, ஏ ஆறு, பி ஏழு. இடையில் இருக்கும் கறுப்புகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. ஒரு கட்டையை, அதாவது சி-யை, ஷட்ஜமாக (ஸ) வைத்துக்கொண்டால், மாயாமாளவகௌளை ஒன்று, ஒன்றரை, மூன்று, நான்கு, ஐந்து, ஐந்தரை, ஏழு என்று போய் மேல் ஷட்ஜத்தில் முடியும். வலது கையில் 1, 2, 3, மறுபடி 1, 2, 3, 4, 5 என்ற விரல் வரிசை இதற்குப் பொருந்துகிறது. சி-யிலிருந்து வெள்ளைக் கட்டைகளிலேயே ஏறும் சி மேஜர் ஸ்கேலுக்கும் வலது கையில் இதே விரல் வரிசைதான் என்பதால், அதே ஸ்வரங்களைக் கொண்ட சங்கராபரண ராகத்துக்கு மாறும்போது புதிதாக எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகம் பியானோவில் வராது என்பது அக்காவின் நிரந்தரக் குறை. விரல் பழகுவதற்குத்தானே என்று சமாதானம் சொல்லி வைத்திருக்கிறேன்.

சரளியை மூன்று காலத்தில் பாடும் பழக்கம் மெட்ரோனோம் பயிற்சிக்கு மிகப் பொருத்தமான முறை என்று எனக்குத் தோன்றுகிறது. தட்டு 60இலேயே நிற்கும். முதல் காலத்தில் தட்டுக்கு ஒரு ஸ்வரம், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. நான் ஹானனில் செய்ததுபோல் தட்டையே ஏற்றிக்கொண்டு போனால், கை எந்த இடத்தில் இறுகத் தொடங்கியது என்பதே தெரிவதில்லை. காலத்தை இரட்டிக்கும்போது அது பளிச்சென்று தெரிந்துவிடும். மூன்றாம் காலம் உடைந்தால் இரண்டாம் காலத்துக்குத் திரும்பிவிட வேண்டும். முதல் மூன்று மாதம் அக்கா மகளை மூன்றாம் காலத்தின் பக்கமே நான் விடவில்லை. ஜண்டை வரிசையில் ஒவ்வொரு ஸ்வரமும் இரண்டிரண்டாக வருவதால், முதல் ஒலியில் கை விழுவதும் இரண்டாவதில் மணிக்கட்டு எழுவதும் இயல்பாகப் பழகிவிடுகிறது. பாட்டில் இரண்டாவது ஸ்வரத்துக்கு அழுத்தம் கொடுப்பார்கள். இங்கே நான் அதைத் திருப்பிப் போட்டிருக்கிறேன், அக்கா மன்னிக்க வேண்டும். தாட்டு வரிசை ஸ்வரங்களைத் தாண்டித் தாண்டிப் போவது. ஹானனின் முதல் பயிற்சியும் சி-யிலிருந்து டி-யைத் தாண்டி இ, எஃப், ஜி, ஏ என்று ஏறி, ஜி, எஃப், இ என்று இறங்கி, அடுத்த சுற்றை டி-யில் தொடங்குகிறது. இரண்டும் ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்றே சொல்லலாம். இப்போது அந்த முதல் பயிற்சியை நானும் வாசிக்கிறேன், விரலை உயர்த்தாமல், ஓர் எட்டு ஸ்வர எல்லைக்குள், கை களைக்கும் முன்பே நிறுத்திக்கொண்டு.

ஸ்கேலில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் கட்டை விரல் உள்ளே நுழையும் இடம். நடுவிரலை இ கட்டையில் ஊன்றி வைத்துக்கொண்டு, கட்டை விரலால் சி, பிறகு உள்ளங்கைக்குக் கீழே புகுந்து எஃப், மறுபடி சி, மறுபடி எஃப் என்று எட்டு முறை வாசிக்கலாம். நடுவிரல் ஒலித்தவுடனேயே கட்டை விரல் உள்ளே நகரத் தொடங்கிவிட வேண்டும். கடைசி நொடியில் பாய்ந்தால் முழங்கை வெளியே குதிக்கும், எஃப் இடிபோல் விழும். முழங்கையின்மேல் என் விரல் ஒன்றை மெல்ல வைத்துக்கொண்டால் அக்கா மகளுக்கு அது உடனே புரிகிறது.

வெள்ளைக் கட்டைகளில் மட்டும் பழகிக்கொண்டிருப்பவர்களுக்கு ஷோபானின் முறை ஒன்றைச் சொல்ல வேண்டும். 1810இல் பிறந்து 1849இல் மறைந்த அந்தப் போலந்துக் கலைஞர், தம் மாணவர்களின் கையை முதலில் சி-யில் வைக்கவில்லை. மூன்று, நாலரை, ஐந்தரை, ஆறரை, ஏழு ஆகிய கட்டைகளில் ஐந்து விரல்களையும் வைத்தார். நீளமான நடுவிரல்கள் மூன்றும் உயரமான கறுப்புகளில் அமர, குட்டையான 1-உம் 5-உம் வெள்ளைகளில் இறங்க, கை தன் இயல்பான வளைவில் நிற்கும். ஸ்கேல்களிலும் அவர் கறுப்புகள் நிறைந்த பி மேஜரிலிருந்து தொடங்கி, எளிது என்று நாம் நினைக்கும் சி மேஜரைக் கடைசியில் வைத்தார். ஐந்து விரல்களும் ஒன்றுபோல் ஆக வேண்டும் என்ற பிடிவாதமும் அவரிடம் இருந்ததில்லை. ஒவ்வொரு விரலும் வெவ்வேறாக அமைந்திருப்பதை அவர் குறையாகப் பார்க்கவில்லை. வலி வந்து ஓய்ந்திருந்த பிறகு நான் மீண்டும் தொடங்கியது இந்த ஐந்து கட்டைகளில்தான். முதல் நாள் ஐந்து நிமிடம், வலி எட்டிப்பார்த்த நொடியே நிறுத்தம். முன்கை இழுப்பது, விரல் மரத்துப்போவது, கூசுவது ஆகியவற்றைப் பயிற்சியின் அடையாளமாக எண்ணித் தொடர வேண்டாம்; ஓய்வெடுத்தும் போகாவிட்டால் மருத்துவரிடம் போவதே சரி.

நம் ஊர்களில் பெரும்பாலான வீடுகளில் இருப்பது 61 கட்டை கீபோர்டு. முழு பியானோவில் 88 உண்டு. இந்தப் பயிற்சிகளுக்கு 61 தாராளம். ஆனால் அதன் கட்டைகளில் எடை இல்லாததால், விழவிட்ட கை அடியில் போய் இடிக்கும். தொடு உணர்வு வசதி இருந்தால் அதை இயக்கி வைத்துக்கொள்வது அவசியம். இல்லாவிட்டால் மெதுவாகத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே ஒலி வரும், காதுக்கு வேலையே இருக்காது. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாளில் சாப்பாட்டு மேசைமேல் ஐந்து ஸ்வரப் பயிற்சியைச் செய்கிறோம். விரல் நுனிகள் மரத்தில் எழுப்பும் தட்டொலியில்கூட மோதிர விரல் பிடிபட்டுவிடுகிறது.

மாம்பழப் பருவத்தில் ஆலையிலிருந்து வீடு திரும்ப இரவு ஒன்பதைத் தாண்டிவிடும். அப்போது பத்து நிமிடம் நான்காகச் சுருங்கும். கையை விழவிடுவதும் ஐந்து ஸ்வரமும் மட்டும் நிற்க, மற்றவை போகும். அக்கா மகளுக்கு நேரப் பஞ்சம் இல்லை, பொறுமைப் பஞ்சம்தான். ஆகவே கடைசி இரண்டு நிமிடத்துக்கு, அன்று வாசிக்க வேண்டிய பாடலிலிருந்தே அவள் தடுக்கும் இரண்டு வரிகளை எடுத்து, பாதி வேகத்தில், முதலில் இடது கை மட்டும், பிறகு வலது கை மட்டும், பிறகு இரண்டும் என்று வாசிக்கச் சொல்கிறேன். சென்ற ஞாயிறு அப்படி வாசித்துக்கொண்டே போனவள் மூன்றாவது வரிக்கும் போய், பாட்டை முடித்துவிட்டு, "இன்னிக்குப் பயிற்சி இல்லையா மாமா?" என்றாள்.